எந்த வயலுக்குப் பொருந்திக்கணும்?

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் நடப்பது தடுப்பூசியும் இல்லை, இஹ்ராம் துணி எடுப்பதும் இல்லை. சொந்தபந்தம் வீடு வீடாகப் போய், “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க”, அதாவது மன்னித்து விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவதுதான். ஒரே நாளில் நாற்பது வீடு முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு டீ, ஒரு முஸாஃபஹா (கைகுலுக்கல்), ஒரு துஆ, அடுத்த வீடு.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் சிவில் வழக்கறிஞர். பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், வாரிசுத் தகராறு, இதுதான் இருபத்தைந்து வருஷப் பிழைப்பு. ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, ஃபத்வா சொல்ல வரவும் இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் மிம்பரில் (பிரசங்க மேடையில்) தவ்பாவை, அதாவது பாவமீட்சியைப் பற்றிச் சொல்வதும் என் மேஜைக்கு வரும் காகிதமும் ஒன்றோடொன்று உரசும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போக இருந்த ஒருவர் வந்தார். அறுபதைத் தொடும் வயது. “போய்ட்டு நல்லபடியா வந்துடுவேன், இன்ஷா அல்லாஹ். ஆனா எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி வச்சுட்டுப் போலாம்னு” என்று துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். அத்தா (தகப்பனார்) விட்டுப்போன நஞ்சை எட்டு மா. ஒரு மா என்பது நூறு குழி. பட்டா இரண்டு பேர் பெயரில் இருந்தது, இவரும் தம்பியும். அத்தா மவுத்தாகும்போது (இறக்கும்போது) யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அம்மா, நாங்கள் ரெண்டு ஆம்பளை, மூணு பொம்பளைப் பிள்ளைகள் என்றார்.

“தங்கச்சிமாருங்ககிட்ட?”

“நேத்துதான் பொருத்தம் கேட்டுட்டு வந்தேன். மூணு பேரும் பொருந்திக்கிட்டேன்னு சொல்லி அழுதாங்க.”

“எதுக்குன்னு சொன்னீங்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எல்லாத்துக்கும்னுதான் சொன்னேன்.”

அந்த எட்டு மா கணக்கு, பரீட்சைக்குப் போட்ட கணக்குபோல அவ்வளவு சுத்தமாக வரும். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பாகத்தை, ஆணுக்கு இரண்டு பங்கு பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால், பிள்ளைகளுக்கு ஏழு பங்கு. ஆக அம்மாவுக்கு ஒரு மா, மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு மா, இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு இரண்டு மா. குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்கள் சொல்லும் பங்கு இது. சட்டமும் இதுதான்: 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-ல் மெட்ராஸ் மாகாணத்தில் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. ‘வயலுக்கு இது பொருந்தாது’ என்று இன்னும் சிலர் நம்புவதால் சொல்கிறேன்.

பெண்கள் பங்கு எங்கே போனது என்று பார்த்தால், பையில் ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. 2003-ஆம் வருஷத்தது. ‘சகோதர வாஞ்சையினால் பிரதிப்பிரயோஜனம் ஏதுமின்றி’ நால்வரும் தங்கள் பாத்தியத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அம்மா கைநாட்டு, பெண்களில் பெரியவர் கைநாட்டு, மற்ற இருவர் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஆவணம் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, என் முத்திரை.

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அந்தக் காலத்தில் எப்படி நடக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பதிவு ஆபீஸ் வராந்தாவில் பெண்கள் துப்பட்டிக்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெளியே அண்ணன் பிடித்து வந்த வேன் நிற்கும். நான் பத்திரத்தை ஏலம் விடும் வேகத்தில் படிப்பேன். ‘நான்குமால்’ (நிலத்தின் நான்கு பக்க எல்லை) வரும்போது யாரும் கேட்கவே மாட்டார்கள். “இங்க வைங்கம்மா” என்று நானே விரலைப் பிடித்து மையில் தொட்டிருப்பேன். சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை.

இனி தவ்பா. இமாம் நவவி தம்முடைய ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற ஹதீஸ் தொகுப்பில் இரண்டாவது பாடமாகவே இதை வைத்திருக்கிறார். பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் என்றால் மூன்று நிபந்தனை: அதை விட்டுவிட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும். இன்னொரு மனிதனின் ஹக்கு (உரிமை) அதில் இருந்தால் நான்காவது ஒன்று சேரும். அந்த ஹக்கை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவர் மனதாரப் பொருந்திக்கொள்ள வேண்டும். ரமலான் கடைசிப் பத்தில் பள்ளியில் கேட்கும் அழுகையெல்லாம் முதல் மூன்றுக்கானது. நான்காவது பள்ளிக்குள் முடிகிற வேலை இல்லை. அதற்கு வில்லங்கச் சான்று வேண்டும், சர்வே எண் வேண்டும், சில சமயம் என்னைப் போல ஒரு ஆளும் வேண்டியிருக்கிறது.

இஸ்திக்ஃபாரைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நபி (ஸல்) ஒரு நாளைக்கு எழுபது தடவைக்கு மேல் பாவமன்னிப்புக் கேட்டதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஆனால் உஹதுப் போரில் ஷஹீதான (வீரமரணமடைந்த) ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, “இவர்களின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார்” என்று முறையிட்டபோது, வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அந்தச் சிறிய தகப்பனாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று கொடு, மீதி உனக்கு என்றார்கள். பிள்ளைகளிடம் போய்ப் பொருத்தம் கேள் என்று சொல்லவில்லை.

அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு சிவில் வக்கீல் ஆபீசிலும் எழுதி மாட்ட வேண்டியது. பழைய வாரிசுச் சொத்தில் தகராறு, சாட்சி இல்லை, இரண்டு பேர் வருகிறார்கள். நபி (ஸல்) சொல்கிறார்கள்: நானும் மனிதன்தான். உங்களில் ஒருவர் வாதத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம். கேட்டதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லி, அதில் சகோதரனின் ஹக்கு ஒருவருக்குப் போய்விட்டால், நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டு. இரண்டு பேரும் அழுதுவிட்டார்கள். “என் ஹக்கு அவனுக்கே” என்று இருவருமே சொன்னார்கள். அதோடு விட்டுவிடாமல் அவர்களிடம் சொல்லப்பட்டது இது: பங்கு வையுங்கள், நியாயத்தைத் தேடுங்கள், சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒருவருக்கொருவர் பொருந்திக்கொள்ளுங்கள். பொருத்தம் வரிசையில் கடைசியில் வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அதை முதலில் வாங்கிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அண்ணன் தம்பிகள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். ‘கல்யாணத்துக்குக் கைக்கூலி (வரதட்சணை), நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே.’ செய்தீர்கள்தான், ஆனால் அது அத்தா உயிரோடு இருக்கும்போது செய்தது, மவுத்துக்குப் பிறகு வரும் பங்கில் கழியாது. ‘அப்பவே எழுதி வாங்கிட்டோம்.’ தகப்பன் இருக்கும்போது வாரிசுரிமை என்பது வெறும் எதிர்பார்ப்பு. இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பதுதான் முஸ்லிம் சட்டத்தின் பொது விதி. பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தவர் பிறகு உரிமை கேட்டு வர முடியாத சூழ்நிலையும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நானே வாதாடியிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். வழக்கில் ஜெயித்தால் ஹலாலாகிவிடுமா என்று கட்சிக்காரர் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ‘தங்கச்சி கேட்கவே இல்லையே’ என்பது மூன்றாவது. கேட்டால் அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மவுத்துச் சேதி வந்தால் அழுதுகொண்டு போவதற்கு ஒரு பிறந்த வீடு வேண்டும் என்றுதான் பல பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதே சங்கதிதான் மஹரிலும், அதாவது கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடையிலும். ஜனாஸாவைத் தூக்குமுன் யாராவது ஒரு பெரியம்மா விதவையின் காதருகே குனிந்து, “மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லிடும்மா” என்பார். சுற்றி ஐம்பது பெண்கள், எதிரே மய்யித்து. அந்த நேரத்தில் எவள் மாட்டேன் என்பாள்? அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அனுபவியுங்கள் என்றுதான் அன்னிஸா 4-ஆம் வசனம் சொல்கிறது. மஹர் கணவன் பேரில் நிற்கும் கடன். பங்கு வைக்குமுன் சொத்திலிருந்து கழிக்க வேண்டியது.

ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்ப எனக்கு வழியே இல்லையா’ என்று உடைந்துபோகிறவர்களும் வருகிறார்கள். நிலத்தை என்றோ விற்றுச் சாப்பிட்டவர்கள், உரியவர் மவுத்தாகிவிட்டவர்கள். அல்லாஹ்வின் அருளில் நிராசையாகாதீர்கள் என்ற வசனம் இவர்களுக்கும் சேர்த்துத்தான். உரியவர் இல்லை என்றால் அவர் வாரிசுகள் இருக்கிறார்கள். கையில் இல்லை என்றால் மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கத் தொடங்கலாம், பாக்கியை மரண சாசனத்தில் கடனாக எழுதி வைக்கலாம். கடந்த வருஷங்களின் விளைச்சலுக்கும் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்குள் (மார்க்கச் சட்ட வழிமுறைகளுக்குள்) வித்தியாசம் உண்டு. அதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

அந்த ஹாஜியாரிடம் (அப்போது இன்னும் ஹாஜியார் ஆகவில்லை) எட்டு மா கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். தம்பிக்கு மலேசியாவுக்குப் போன் போட்டார். “செட்டிலான விஷயத்தை ஏன் காக்கா (அண்ணே) கிளறுறே, ஹஜ்ஜுக்குப் போற வழியைப் பாரு” என்று வைத்துவிட்டான். இவர் கையில் இருந்தது நாலு மா, உரியது இரண்டு. மீதி இரண்டைத்தான் இவரால் கொடுக்க முடியும். நான்கு பேருக்கும் ஆளுக்கு ஐம்பது குழி வந்தது. ஆளுக்கு இன்னொரு ஐம்பது குழி தம்பியின் கணக்கில் நிற்கிறது. கூட்டுப் பட்டா உண்டு, கூட்டுத் தவ்பா கிடையாது.

தான செட்டில்மெண்ட் எழுதினேன். ஃபீஸ் வாங்கவில்லை, அது என் பாக்கி. மூன்று பெண்களையும் அண்ணன் இல்லாமல் தனியாக வரச் சொன்னேன். 2003 பத்திரத்தை முதலில் படித்துக் காட்டினேன், நிறுத்தி நிறுத்தி. பெரியவர் நடுவில் கையைக் காட்டி மறித்தார்.

“இது எந்த வயல் தம்பி? வாய்க்காலுக்குக் கிழக்கால புளியமரம் நிக்குமே, அதுவா?”

“அதுதாங்க.”

“அதுல எனக்கு இருந்துச்சா?”

இருபது வருஷத்துக்கு முன் அவர் விரலைப் பிடித்தது நான்தான் என்று சொன்னேன். பொருந்திக்கங்க என்று கேட்டேன், எதற்கு என்பதையும் சேர்த்து. அவர் உடனே பதில் சொல்லவில்லை. மற்ற இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சின்னவர் தன் ஐம்பது குழியை அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பட்டா கைக்கு வந்து ஆறு மாசம் போகட்டும், அப்பவும் தோன்றினால் வாங்க என்றேன். நடுவிலவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரியவர் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “இத்தனை வருஷத்து நெல்லை விட்டுட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. உங்களையும் விட்டுட்டேன். இந்தச் சம்பா அறுப்புலேர்ந்து எனக்குக் கணக்கு வரணும். நான் போய்க் கேக்க மாட்டேன், அவங்களா குடுத்தனுப்பணும்.”