காலையில் வைத்துவிட்டுப் போகும் கறி: வேலைக்குப் போகும் வீடுகளுக்கு ஸ்லோ குக்கர்

கொழும்பில் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களிடம் சாப்பாட்டுச் செலவு எங்கே கையை மீறுகிறது என்று கேட்டால், அரிசி, தேங்காய், மீன் என்று விலைவாசியைத்தான் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் போஷாக்கு ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களை ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வரச் சொன்னால், அந்தத் தாளில் வேறொன்றும் தெரியும். பணம் கரைவது மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில். வேலை முடிந்து வரும் வழியில் வாங்கும் கொத்து, பிள்ளைகளை டியூஷனில் இருந்து கூட்டிவரும்போது வாங்கும் ரோல்ஸ், ஒன்றும் முடியாத நாளில் பாணும் சோசேஜும். கூட்டிப் பார்த்தால், அந்த வீட்டில் ஒரு மாதம் வாங்கும் பருப்பு, கடலை, மரக்கறி எல்லாவற்றையும் அது தாண்டிவிடுகிறது. உப்பும் எண்ணெயும் கூடிய, நார்ச்சத்து குறைந்த சாப்பாடு வேறு.

சமைக்கத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு தாய் சொன்னார்: "மிஸ், பஸ்ஸில நசிபட்டு வந்து கதவைத் திறக்கவே ஏழு மணியாகிடுது. அதுக்குப் பிறகு கடலை அவிச்சு, கறி வச்சு, பிள்ளைகள் எப்ப சாப்பிட்டு எப்ப படுக்கிறது?" நியாயமான கேள்வி. கடலை, கௌபி, பயறு, பலாக்காய், எலும்பு எல்லாம் மலிவாகவும் சத்தாகவும் இருக்கின்றன. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் பகலில் வீட்டில் இல்லை.

ஸ்லோ குக்கர் இந்த ஒரு இடத்தைத்தான் நிரப்புகிறது. கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, சுற்றிவர மிதமான சூடு, லோ, ஹை என்று இரண்டு நிலை. எட்டு மணித்தியாலம் ஆளில்லாமல் வேகும். பகலில் வீட்டில் அம்மாவோ மாமியோ இருக்கிறார்கள் என்றால், இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். ஊறிய கடலையை இருபது நிமிடத்துக்குள் அவித்துத் தரும் பிரஷர் குக்கரே போதும், எரிபொருளும் குறைவு. மைசூர்ப் பருப்புக்கும் ஸ்லோ குக்கர் தேவையில்லை, காஸ் அடுப்பில் கால் மணித்தியாலத்தில் கரைந்துவிடும். பிராய்லர் கோழியை எட்டு மணித்தியாலம் வைத்தால் நார் நாராகப் பிரிந்து போகும்.

முதலில் கரண்ட் பில்லைப் பேசிவிடுவோம், எல்லாரும் கேட்பது அதைத்தான். நான்கு பேர் வீட்டுக்குப் போதுமான மூன்றரை லீற்றர் குக்கர் பொதுவாக 200 வாட்ஸ் அளவில் இழுக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 1.6 யூனிட். வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்கு இருபத்தைந்து யூனிட் அளவில் கூடும். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நமது வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற ஒன்று. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டண அட்டவணை மாறுகிறது. 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடுகிறது. 85 யூனிட் பாவிக்கும் வீடு இந்த இருபத்தைந்தால் அடுத்த படிக்குப் போய்விடும். அதனால் வாங்குவதற்கு முன் கடைசி மூன்று பில்லை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். விளிம்பில் நின்றால் வாரம் இரண்டு நாள் மட்டும் பாவியுங்கள், ஒரே தடவையில் இரண்டு வேளைக்குச் சமையுங்கள். கொத்து வாங்குவது ஒரு நாள் குறைந்தாலே கணக்கு உங்கள் பக்கம் திரும்பும் என்பதுதான் நான் பார்த்த அனுபவம்.

சரி, என்ன சமைப்பது?

கடலைக் கறியிலிருந்து தொடங்குங்கள். 100 கிராம் உலர்ந்த கடலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. சோற்றிலோ பாணிலோ குறைகிற அமினோ அமிலம் கடலையில் உண்டு, கடலையில் குறைவது சோற்றில் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் வளரும் பிள்ளைக்குத் தரமான புரதம் கிடைக்கிறது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் மொத்தமாக வாங்கி இரண்டு மூன்று வீடுகள் பிரித்துக்கொண்டால் இன்னும் மலிவு. பழைய கடலை எவ்வளவு ஊறினாலும் விறைப்பாகவே நிற்கும், அதனால் ஓட்டம் உள்ள கடையில் வாங்குங்கள்.

இரவு 250 கிராம் கடலையைக் கழுவி, நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் எழுந்தவுடன் குக்கரை ஹையில் போட்டு, பீங்கான் பாத்திரத்தில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள். பாத்திரம் மெல்லச் சூடேறட்டும், குளிர்ந்த பீங்கானில் கொதிக்கும் கறியை ஊற்றினால் வெடிக்கும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, கடலையைப் புதுத் தண்ணீரில் காஸ் அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பக்கத்து அடுப்பில் தாச்சியை வைத்து கடுகு, பெருஞ்சீரகம், வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, கடைசியில் மிளகாய்த்தூளையும் கறித்தூளையும் போட்டு மெல்லிய நெருப்பில் பச்சை வாசம் போகும்வரை பிரட்டுங்கள். தூளை நேரே குக்கரில் கொட்டினால் எட்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் அந்தப் பச்சை வாசம் இருக்கும், ஏனென்றால் உள்ளே தண்ணீரில் வேகுமே தவிர வதங்காது. பிறகு எல்லாவற்றையும் சுடச்சுடப் பாத்திரத்தில் சேர்த்து, கடலைக்கு மேல் அரை அங்குலம் நிற்கும் அளவுக்கு வெந்நீர், உப்பு, மூடி, லோ. ஆவி வெளியே போகாததால் அடுப்பில் விடும் அளவு தண்ணீர் தேவையில்லை.

மாலையில் வந்து திறந்தால் கடலை விரலில் நசியும். ஒரு அகப்பை கடலையை மசித்துக் கலக்கினால் குழம்பு தடிக்கும். தேங்காய்ப்பாலும் புளியும் இப்போதுதான். முதற்பாலைக் காலையிலேயே விட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்து நிற்கும். புளியை முதலில் விட்டால் கடலை மெதுமையாகாது. 2025இல் ஒரு தேங்காய் 200 ரூபாய் தாண்டிய பிறகு நான் எல்லாரிடமும் சொல்வது, அரைக் கோப்பைப் பால் இந்தக் கறிக்குத் தாராளம் என்று. மசித்த கடலையே அந்தத் தடிப்பைத் தருகிறது. இரவு சோற்றோடு, மிச்சம் மறுநாள் காலை ரொட்டியோடு.

பொலஸ், அதாவது பிஞ்சுப் பலாக்காய்க் கறி, இந்தப் பாத்திரத்துக்கென்றே பிறந்தது. சிங்கள வீடுகளில் மண்சட்டியில் மணிக்கணக்காகச் சிறு தணலில் விடும் கறி அது, ஃப்ளாட்டில் அதற்கு இடமில்லை. பிஞ்சுப் பலாக்காயைச் சந்தையில் சுத்தமாக்கி வெட்டியே விற்கிறார்கள். முழுதாக வாங்கினால் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டி, கறுக்காமல் இருக்க மஞ்சள் கலந்த தண்ணீரில் போடுங்கள். வறுத்த கறித்தூள், மிளகாய்த்தூள், கறுவா, ரம்பை, இரண்டு துண்டு கொரக்காப் புளி. கடலைக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே புளி முதலிலேயே போக வேண்டும். புளி இருந்தால் துண்டு உடையாமல் முழுதாக நிற்கும். அப்படியே லோவில் எட்டு மணித்தியாலம், கடைசி அரை மணித்தியாலத்தில் கொஞ்சம் பால். பொலஸில் நார்ச்சத்து நிறைய, புரதம் குறைவு. இறைச்சி மாதிரி இருக்கிறது என்பதற்காக அதையே இறைச்சிக்குப் பதிலாக எண்ண வேண்டாம், பக்கத்தில் பருப்போ முட்டையோ கருவாடோ இருக்கட்டும்.

இறைச்சி சாப்பிடும் வீடுகளில் மாட்டு எலும்பு, ஆட்டுக்கால், நார் நிறைந்த கெட்டித் துண்டுகள் நல்ல தெரிவு. அடுப்பில் ரப்பராக நிற்கும் சவ்வு நீண்ட மெல்லிய சூட்டில் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

காலைக் கஞ்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். சிவப்புப் பச்சையரிசி ஒரு பங்கு, பயறு அரைப் பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு, உள்ளி நாலு பல்லு. படுக்கும்போது, கடலைக்குச் சொன்ன மாதிரி பாத்திரத்தை முதலில் சூடேற்றி, வெந்நீர் விட்டு லோவில் போட்டால், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுமுன் தயார். ஒரு விஷயம்: நீண்ட நேரம் வெந்த சாப்பாட்டில் விற்றமின் சி மிஞ்சாது. கடலை, பயறு, கௌபியில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த விற்றமின் வேண்டும். பரிமாறும்போது தேசிக்காய் பிழிவதும், பச்சையாக வல்லாரைச் சம்பல் வைப்பதும் அதற்காகத்தான். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது அந்த இரும்பைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். இரத்தச்சோகை என்று என்னிடம் வரும் பெண்கள் பலருடைய நாளில் இந்தத் தேநீர் இருக்கிறது.

இனி, உயிரோடு விளையாடும் விஷயங்கள். இதை எழுதுவதற்கே முக்கிய காரணம் இவைதான்.

சிவப்பு ராஜ்மாவைக் கொதிக்க வைக்காமல் ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் இயற்கையாகவே லெக்டின் வகை நஞ்சு உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 பாகைக்குக் கீழே மெல்ல வேகும்போது குறையாமல், சில வேளைகளில் பச்சையில் இருந்ததை விடக் கூடிவிடும். சில மணித்தியாலத்தில் கடும் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்க வைத்த பிறகே குக்கருக்குப் போகட்டும். கடலைக்கும் கௌபிக்கும் பத்து நிமிடக் கொதிப்பைப் பழக்கமாக்கச் சொல்வதும் அதற்காகத்தான். பழக்கமாகிவிட்டால் ராஜ்மா நாளில் மறக்காது.

மரவள்ளிக்கிழங்கு இந்தப் பாத்திரத்துக்கு ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் சயனைட் ஆவியாகப் போக வேண்டும் என்பதால்தான் நம் வீடுகளில் மூடாமல் அவித்துத் தண்ணீரை வடிக்கிறோம். மூடியே வேகும் குக்கரில் அதற்கு வழியில்லை.

உறைந்த இறைச்சியையும் அப்படியே போட வேண்டாம். உறைந்த துண்டு மெல்லச் சூடேறும் நேரம் முழுக்கக் கிருமி பெருகும் 5 முதல் 60 பாகை வரையான எல்லைக்குள்ளேயே இருக்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக விடுங்கள். அதே காரணத்துக்காக, டைமர் உள்ள குக்கரில் காலையில் இறைச்சியை நிரப்பி மத்தியானம் தானாகத் தொடங்க விடுவதும் கொழும்பு வெப்பத்துக்கு ஆகாது. ரைஸ் குக்கரின் வோர்ம் நிலையை ஸ்லோ குக்கராகப் பாவிக்கிறவர்களையும் பார்க்கிறேன். அது வெந்த சோற்றைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான், பச்சைக் கடலையையோ இறைச்சியையோ வேகவைக்கும் சூடு அதில் இல்லை.

நீங்கள் வெளியே இருக்கும்போது கரண்ட் போய் வந்தால்? திருகும் குமிழ் உள்ள குக்கர் தானாக மீண்டும் வேலை செய்யும், எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. வீட்டில் ஏதாவது டிஜிட்டல் மணிக்கூடு மினுங்கிக்கொண்டிருந்தால் கரண்ட் போய் வந்திருக்கிறது, எவ்வளவு நேரம் என்று பக்கத்து ஃப்ளாட்டில் கேளுங்கள். எவ்வளவு நேரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் சில நஞ்சுகள் மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் உடனே காஸ் அடுப்புக்கு மாற்றி முடியுங்கள். குக்கரைக் கேத்தலோடு ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருக வேண்டாம், சுவரில் உள்ள பிளக்கில் நேரே கொடுங்கள். ஆளில்லாத வீட்டில் எட்டு மணித்தியாலம் ஓடும் சாமான் அது.

குக்கர் வாங்கவே முடியாத வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. மீன் வரும் ரெஜிஃபோம் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, உள்ளே பழைய போர்வையைத் தடிப்பாக விரியுங்கள். ஊறிய பயறையோ கௌபியையோ இறுக்கமான மூடியுள்ள கனத்த பாத்திரத்தில், முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்கி, மேலேயும் துணியால் அடைத்து மூடுங்கள். பாத்திரம் நேரே ரெஜிஃபோமில் படக்கூடாது, உருகும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் வெந்துவிடும். 2022இல் காஸ் வரிசையில் நின்ற காலத்தில் இதைச் செய்தவர்கள் உண்டு. ஆனால் இதற்கு எட்டு மணித்தியாலம் கொடுக்க வேண்டாம், சூடு இறங்கிவிடும். இறைச்சிக்கும் வேண்டாம். யாராவது மத்தியானம் வீட்டுக்கு வரும் நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருந்தும். எடுத்தவுடன் ஒரு முறை கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள்.

மிஞ்சிய கறியைப் பீங்கான் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நடுப்பகுதி குளிர நெடுநேரம் எடுக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மீண்டும் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பாவிக்க வேண்டாம், அடுப்பில் கொதி வரும்வரை வைத்து எடுங்கள்.