டிப் கொடுத்த பவளத்திலும் முட்டை இருக்கும்

புதிதாக வாங்கிய ஃப்ராக்கை (வளர்ப்பதற்காக வெட்டிய பவளத் துண்டை), பூச்சிகளை நீக்கும் டிப் என்ற மருந்துக் கரைசலில் பத்து நிமிடம் அலசிவிட்டு நேராகத் தொட்டியில் வைப்பதுதான் ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. டிப் புழுவை உதிர்க்கும், கொல்லும். முட்டையின் ஓட்டைத் தாண்டி உள்ளே போகாது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு பெரும்பாலும் முட்டை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

இந்தப் புழுவைப் பவளத்தின் மேல் கண்டுபிடிப்பது கடினம். உடல் கண்ணாடி போன்றது. தின்ற பவளத்தின் பழுப்பு நிறமே அதன் நிறம். சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரை வளர்ந்தாலும், வெளிச்சம் படாத பக்கத்தில் தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்கும். அதனால் புழுவைத் தேடாமல் அது கடித்த தடத்தைத் தேடுங்கள். கிளையின் அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வட்டப் புள்ளிகள் இருக்கும். பவளத்தின் நிறம் மங்கும், பாலிப்கள் (பவளத்தின் மேல் பூப்போல விரியும் சிறு உயிர்கள்) வெளியே நீளாது.

சந்தேகம் வந்தால் ஃப்ராக்கின் அடியைத் திருப்பி, உருப்பெருக்கியோடு பாருங்கள். உயிருள்ள சதை முடிந்து வெற்று எலும்பு தொடங்கும் விளிம்பில், கசகசாவைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்தது போலப் பொன்பழுப்பு மணிகள் தெரிந்தால் அவைதான் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல குஞ்சுகள் இருக்கும்.

அடிப்பகுதி வெள்ளையாவதெல்லாம் புழுவின் வேலை என்று முடிவு கட்டவும் வேண்டாம். தண்ணீரின் காரத்தன்மை ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு (காரத்தன்மையை அளக்கும் அலகு) மேல் ஏறி இறங்கினாலும் அக்ரோபோரா அடியிலிருந்து உரியும். முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, பிறகு டிப்புக்குப் போங்கள். நல்ல தண்ணீரில் வாடும் பவளத்தைத்தான் பூச்சி இருக்குமோ என்ற சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

செய்யவேண்டியது இதுதான். ஃப்ராக் ஒட்டியிருக்கும் ப்ளக்கை (சிறு அடித்தாங்கியை) அப்படியே தூக்கி எறியுங்கள். அடியில் உள்ள செத்த எலும்பையும் கட்டரால் வெட்டிவிடுங்கள், ஏனென்றால் முட்டைகள் இருக்கும் இடமே அதுதான். வெட்ட முடியாத பெரிய காலனியில் பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, மிஞ்சியதை சூப்பர் க்ளூ ஜெல்லால் மூடலாம். பிறகு தொட்டித் தண்ணீரையே, அதே சூட்டில், ஒரு டப்பாவில் எடுத்து, டிப்பைப் புட்டியில் எழுதிய அளவுக்குக் கலந்து பவளத்தை வையுங்கள். அதில் சும்மா ஊறப்போட்டால் போதாது. ரப்பர் பிப்பெட்டால் கிளை இடுக்குகளில் வேகமாகப் பீய்ச்சுங்கள். டப்பாவின் அடி கருப்பாக இருந்தால் உதிரும் புழு பளிச்சென்று தெரியும். இரண்டு டப்பா சுத்தமான தொட்டித் தண்ணீரில் அடுத்தடுத்து அலசிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். டிப் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. தோட்டத்துப் பூச்சிக்கொல்லியை டிப்பாகப் பயன்படுத்துபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அதன் மிச்சமே இறால், நண்டுகளைக் கொன்றுவிடும்.

தப்பிய முட்டைகள் பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். எனவே வாரம் ஒரு முறை, ஆறு வாரம் விடாமல் டிப் கொடுக்க வேண்டும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதைப் பிடிப்பதே இதன் கணக்கு. மூன்றாவது வாரம் புழு எதுவும் உதிரவில்லை என்று நிறுத்துபவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். இதெல்லாம் தனித் தொட்டியில் நடக்கட்டும். ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் பரவிவிட்டதென்றால், எல்லா அக்ரோபோராவையும் வெளியே எடுத்து எட்டு வாரம் பெரிய தொட்டியில் திரும்ப வைக்காமலிருங்கள். புழு பட்டினியில் சாகும். ஆறுகோடு ராஸ் போன்ற மீன்கள் புழுவைக் கொத்தும், முட்டையைத் தொடாது. எண்ணிக்கை குறைவதால் தொல்லை மறைந்திருக்குமே தவிரத் தீராது.

மான்டிபோரா வகைப் பவளத்தைத் தின்னும், ஓடில்லாத கடல் நத்தைக்கும் இதே முறைதான். அரிசி நொய் அளவில், இறகு போன்ற வெள்ளைத் துளிர்களோடு தட்டுப் பவளத்தின் அடியில் இருக்கும். இரவில் டார்ச்சோடு பாருங்கள்.

ஐப்டேசியா என்ற சிறு கடல் அனிமோன் வேறு வகைத் தொல்லை. சுரண்டினால் ஒன்று பத்தாகும். பாதத்தின் ஒரு துணுக்கே புது அனிமோனாக வளரும். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை (வேதியியலில் வெற்றிலைச் சுண்ணாம்பும் இதுதான், ஆனால் கடைச் சுண்ணாம்பு வேண்டாம்) கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் குழைத்து சிரிஞ்சில் எடுங்கள். மோட்டார்களை நிறுத்திவிட்டு, தொடாமல் வாயின் மேல் மெல்ல விடுங்கள். அது சுருங்கிக்கொண்டால் சுண்ணாம்பு உள்ளே போகாது. இருபது நிமிடம் கழித்து மோட்டாரைப் போடலாம். பிஎச் ஏறும் என்பதால் ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் வாங்கப் போனால் உடலில் வெள்ளைக் கோடுகளும் முதுகில் கூனும் உள்ளதை வாங்காதீர்கள். அது கேமல் இறால். ஐப்டேசியாவை விட்டுவிட்டுப் பவளத்தைத் தின்னும்.

ஜோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பாறையில் கூட்டமாக ஒட்டி வளரும் சிறு உயிர்கள்) ஒட்டிய பாறையைப் பூச்சிக்காக வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு மூச்சில் போனால் வீட்டில் இருக்கும் எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.