லைன்மேன்: தாக்குறவரா, தாங்குறவரா?

லைன்மேன்னு சொன்னா நம்ம ஊர்ல ஒரே ஆளுதான், கரண்ட் போச்சுன்னா போன் போட்டு கெஞ்சுவோமே அந்த ஈபி-காரர். இங்கிலீஷ்லயும் 19-ஆம் நூற்றாண்டுல தந்திக் கம்பி இழுத்தவங்களுக்கு இதே பேர்தான். லைன்ங்கற சொல்லோட வேரு லத்தீன் 'லீனியா', ஆளி நார்ல திரிச்ச நூல்னு அர்த்தம், லினன் துணியும் அதே குடும்பம்தான்.

அமெரிக்க ஃபுட்பாலுக்கு இது வேற வழியா வந்துச்சு. அங்க 1880 வரைக்கும் ரக்பி மாதிரி எல்லாரும் ஒண்ணா மோதி பந்துக்கு அடிச்சுக்குவாங்க, யேல் யுனிவர்சிட்டியோட வால்டர் கேம்ப் முன்ன நின்னு அத மாத்தி, பந்து ஒரு டீம்கிட்ட இருக்கட்டும், ரெண்டு பேரும் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நில்லுங்கன்னு விதி கொண்டு வந்தார். அந்தக் கோட்டுல நிக்கிறவர்தான் லைன்மேன்.

இப்ப சிக்கல் 'அஃபென்சிவ் லைன்மேன்'ல, அதாவது பந்து வச்சிருக்க டீமோட லைன்மேன். தமிழ்ல அப்படியே 'தாக்குதல் வரிசை வீரர்'னு மாத்துனா வேலையே தலைகீழாயிடுது. நடுவுல சென்டர், ரெண்டு பக்கம் கார்டு, அதுக்கு வெளிய டேக்கிள்னு அஞ்சு பேரு. சென்டர் பந்த பின்னாடி குடுக்கறதோட சரி, மத்தவங்க கை பந்துல படறதே அபூர்வம். பந்த வாங்கி எறியுற குவார்ட்டர்பேக் மேல பாயுறவன நெஞ்சால மறிச்சு நிக்கணும், ஓடுறவனுக்கு வழி திறந்து விடணும். ரன் கணக்கு விக்கெட் கணக்கு மாதிரி இவங்க பேர்ல எதுவும் ஏறாது, அதனால என்எஃப்எல்-ங்கற அமெரிக்க ப்ரொஃபஷனல் லீக்குக்கு ஆள் தேடுற ஸ்கவுட் ஒவ்வொரு வீடியோவா உக்காந்து பாத்துதான் ஆகணும்.

சின்ன காலேஜ் பையன்னா அந்த வீடியோவும் பாதிதான் பேசும். காலேஜ் விளையாட்டோட கீழ்மட்டமான டிவிஷன் த்ரீல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, எதிர்ல நிக்கிறவன் பல நேரம் இவன விட ரொம்ப லேசான ஆளு, அவன தூக்கி எறிஞ்சத வச்சு என்னத்த முடிவு பண்றது? அதான் ஸ்கவுட்டுங்க கால் எப்படி நகருது, இடுப்ப தாழ்த்தி நிக்கிறானா, பலமா இடிச்சா ரெண்டடி பின்னாடி போறானான்னு பாக்குறாங்க. இந்தக் கடைசி குணத்துக்கு அவங்க வச்ச பேரு 'ஆங்கர்', நங்கூரம். கை நீளம் சுமார் 34 இன்ச் இல்லன்னா டேக்கிள் வேணாம், உள்ள கார்டா போடுன்னுடுவாங்க.

டிவிஷன் த்ரீல இருக்க ஹோபார்ட் காலேஜ் அலி மார்ப்பெட் அப்படித்தான், காலேஜ்ல லெஃப்ட் டேக்கிள். கடைசி வருஷ காலேஜ் ஆட்டக்காரங்கள ஸ்கவுட்டுங்க முன்னாடி ஆட விடுற சீனியர் பவுல்ல 2015-ல பெரிய காலேஜ் ஆளுங்களோட ஒத்தைக்கு ஒத்த நின்னு காட்டுனார், 40 யார்ட 4.98 செகண்ட்ல ஓடுனார், என்எஃப்எல் டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல டாம்பா பே டீம் 61-ஆவது ஆளா எடுத்து கார்டா ஆட விட்டுச்சு. இன்னொரு டிவிஷன் த்ரீ காலேஜான ஒயிட்வாட்டர்ல படிச்ச க்வின் மைனர்ஸுக்கு 2020 சீசனே கொரோனால போச்சு, ஆனாலும் அதே சீனியர் பவுல்ல சென்டர் இடத்துல நின்னு 2021-ல டென்வருக்கு 98-ஆவதா போனார். 2024-ல ஆல்-ப்ரோ முதல் டீம், அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்.

ஆக ஸ்கவுட் தேடுறது தாக்குறவன இல்ல, தாங்குறவன. நம்ம கிட்ட அதுக்கு ரெடிமேடா சொல் இருக்கு, 767-ஆவது குறள், 'தார்தாங்கிச் செல்வது தானை'. தார்னா எதிரியோட முன்னணிப் படை. அத தாங்கிட்டு மேல போறதுதான் படையாம், பாயுறவன மறிக்கிற பாஸ் ப்ளாக்கும் ஓடுறவனுக்கு வழி திறக்குற ரன் ப்ளாக்கும் ஒரே வரியில! வெறும் 'தாங்கி'ன்னு வச்சா இலங்கைல தண்ணித் தாங்கியும் (டேங்க்) யுத்த தாங்கியும் (பீரங்கி வண்டி) ஞாபகம் வரும் (சைஸப் பாத்தா அதுவும் தப்பில்லதான்). அதனால என் ஓட்டு 'தாங்குநர்', அஞ்சு பேருக்கும் சேத்து 'தாங்கு வரிசை', ஆங்கருக்கு 'ஊன்று பலம்'.

டேக்கிள மட்டும் இப்போதைக்கு தொடல, டேக்கிள்னா ஆள மடக்கிக் கீழ சாய்க்கறது, ஆனா இந்த வரிசைல அந்தப் பேர வச்சிருக்கவர் எதிராளிய புடிச்சு இழுத்தாலே ஃபவுல்.