ஐம்பது மீட்டர் உயரம் என்பது எத்தனை விநாடி?

1954 நவம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் வெளியான 'கொஜிரா'வை, உலகம் 'காட்ஸில்லா' என்று அறிந்திருக்கும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை, அண்மையில்தான் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன். கணினி வரைகலையில் உருவான மிருகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர்தான் நடக்கிறார் என்பது அந்த முழு உருவம் திரையில் தோன்றிய சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆயினும் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் அது கட்டடங்களை இடித்துக்கொண்டு வரும்போது, பெயர்ந்த சுவர்கள் தரையைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்டு நாற்காலியில் என் முதுகு தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது. பொய் என்று அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடல் அதை நம்பிவிடுவதற்குக் காரணம் கதையோ இசையோ மட்டுமல்ல. நம் கண், ஒரு பொருளின் அளவை அதன் நீளத்தைக் கொண்டு மட்டும் கணிப்பதில்லை. அது விழும் நேரத்தைக் கொண்டும் கணிக்கிறது. இந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளை இயக்கிய எய்ஜி ட்சுபுராயாவின் கலை, பெரிதும் இந்த ஓர் உண்மையின் மீது நிற்கிறது.

அந்த மிருகத்தின் எடையைப் பார்வையாளர் உணர்ந்தே ஆகவேண்டிய கட்டாயம் படத்துக்கு இருந்தது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றிலிருந்த 23 பேர் மீதும் படிந்தது. அவர்களுள் வானொலிப் பணியாளர் செப்டம்பர் 23 அன்று உயிரிழந்தார். ஆறு வாரத்துக்குள் படம் திரைக்கு வந்தது. அணுகுண்டுச் சோதனையால் கலைந்து கடலுக்கடியிலிருந்து எழும் ஓர் உருவம் அட்டைப் பொம்மையைப் போலத் தோன்றியிருந்தால், அந்தத் துயரத்துக்கே அது இழுக்காகியிருக்கும்.

படத்தின்படி மிருகத்தின் உயரம் 50 மீட்டர். உடையணிந்த நடிகரின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே டோக்கியோவின் பெரும்பாலான கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் மினியேச்சர்களாகக் கட்டப்பட்டன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இவ்வாறு சுருக்கிவிடலாம். ஆனால் புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 2.5 விநாடி ஆகும். அதே கட்டடத்தின் மினியேச்சர் 1.2 மீட்டர் உயரம் இருக்கும். அதன் உச்சியிலிருந்து விழும் துண்டு அரை விநாடியில் தரைக்கு வந்துவிடும். சுவர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், அந்த அரை விநாடி 'இது பொம்மை' என்று காட்டிக்கொடுத்துவிடும். விழும் பொருளைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறோம். அந்தக் கணக்கில் நம்மை ஏமாற்றுவது எளிதன்று.

விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் 25 மடங்கு குறைந்தால் நேரம் 5 மடங்கு குறைகிறது. எனவே காட்சியின் நேரத்தை 5 மடங்கு நீட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். திரையில் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓடுகிறது; காமிராவை விநாடிக்கு 120 ஃபிரேம் வீதம் ஓட்டிப் படமெடுத்து வழக்கமான வேகத்தில் காட்டினால், மினியேச்சரின் அரை விநாடி திரையில் 2.5 விநாடியாக விரிகிறது. கணக்கு தரும் எண் இது. அந்தந்தக் காட்சியில் என்ன அசைகிறது என்பதைப் பார்த்து இதைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒளிப்பதிவாளரின் அனுபவத்தைச் சேர்ந்தது. சினிமாவுக்கு முன்பே இந்த வர்க்கமூல உறவைக் கப்பல் கட்டுவோர் பயன்படுத்தினர். 1870களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃபுரூட் என்னும் பொறியாளர், சிறிய கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து, அவற்றிலிருந்து முழுக் கப்பலின் நடத்தையைக் கணிக்கும் வழியை இதன் அடிப்படையில்தான் வகுத்தார்.

நடைக்கும் இதே விதி பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடக்கும்போது நம் கால் ஓரளவு ஊசலைப் போல வீசுகிறது. ஊசலின் அலைவு நேரமும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததே. மனிதர் ஓர் அடி வைக்க அரை விநாடி ஆகிறதென்றால், 25 மடங்கு நீளமான கால் ஓர் அடி வைக்க 2.5 விநாடி ஆகவேண்டும். ஆக, காமிராவின் வேகம் சுவரின் வீழ்ச்சியை மட்டுமல்லாமல் நடிகரின் நடையையும் ஒரே வீச்சில் ராட்சத நடையாக மாற்றிவிடுகிறது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு: திரையில் 10 விநாடி ஓடும் காட்சியைப் படப்பிடிப்பில் 2 விநாடிக்குள் நிகழ்த்தி முடிக்க வேண்டும். கால் வைப்பது, வால் வீசுவது, கட்டடம் சரிவது, புகை எழுவது எல்லாம் ஒருவர் ஒருமுறை மூச்சிழுத்து விடும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். தவறினால் கட்டடத்தை மறுபடி கட்ட வேண்டும். உடைக்குள் மாறி மாறி நடித்த இருவருள் ஒருவரான ஹருவோ நகாஜிமா, இதற்காக விலங்குக்காட்சி சாலைக்குச் சென்று பெருவிலங்குகளின் நடையைக் கவனித்திருக்கிறார்.

அடுத்த தடை பொருள்களின் வலிமை. ஒன்றை எல்லாத் திசைகளிலும் 25 மடங்கு பெரிதாக்கினால் எடை 15,625 மடங்காகிறது. அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 625 மடங்குதான் பெருகுகிறது. ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 25 மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பெரிய விலங்குகளின் எலும்பு ஏன் விகிதத்துக்கு மீறித் தடிமனாக இருக்க வேண்டும் என்பதை 1638லேயே கலிலியோ இவ்வழியில் விளக்கினார். 50 மீட்டர் மிருகம் உண்மையில் நடமாட முடியாது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். மினியேச்சர் செய்பவருக்கு இதே விதி தலைகீழாக வந்து நிற்கிறது: உண்மைக் கட்டடத்தின் அதே பொருளால் சிறிய கட்டடத்தைச் செய்தால், அது தன் எடையோடு ஒப்பிடுகையில் 25 மடங்கு வலுவாகிவிடும், உதைத்தால் நொறுங்காது, ஒரே கட்டியாகச் சாயும். எனவே சுவர்கள் வேண்டுமென்றே வலுவற்றவையாக இருக்க வேண்டும்; மெல்லிய பிளாஸ்டரால் வார்த்து, உடைய வேண்டிய இடத்தில் முன்கூட்டியே கீறிவிடுவது இக்கலையின் வழக்கம். மிருகத்தின் வாயிலிருந்து வரும் வெப்பக் கதிரில் உருகி வளையும் மின்கோபுரங்கள் மெழுகால் ஆனவை.

வேகமாக ஓடும் காமிராவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதோடு, சிறிய பொருளை அருகில் வைத்துப் படமெடுத்தால் அதன் முன்னும் பின்னும் மங்கிப்போகும். பூவை நெருங்கிச் செல்பேசியில் படமெடுத்த எவரும் இதை அறிவர். அந்த மங்கலைத் தவிர்க்க லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் ஒளி மேலும் குறையும். இரண்டையும் ஈடுசெய்யக் கண்கூசும் விளக்குகளை ஏற்றினார்கள். அக்கால விளக்குகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்பட்டது. முதலில் செய்யப்பட்ட உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதை அணிந்து சில அடி நடப்பதே கடினமாக இருந்ததால் வேறோர் உடையைச் செய்தார்கள். அதற்குள்ளும் வியர்வை தேங்கியது. திரையில் நாம் காணும் அந்தப் பாரமான அசைவில் ஒரு பங்கு உண்மையான பாரம்.

இவ்வளவு கணக்கும் நீரிடம் தோற்றுப்போகிறது. அலையின் வேகம் வர்க்கமூல விதிக்குக் கட்டுப்படும். நீர்த்துளியின் அளவு கட்டுப்படாது. துளியின் அளவைத் தீர்மானிப்பதில் பரப்பு இழுவிசைக்குப் பெரும்பங்கு உண்டு, அது சிறிய தொட்டியிலும் பெருங்கடலிலும் ஒன்றே. 3 மில்லிமீட்டர் துளி, மினியேச்சர் கப்பலின் அருகில் 7.5 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். கடல் காட்சிகளில் சில இடங்களில் கண் தயங்குவது இதனால்தான். நெருப்பு அந்த அளவுக்குப் பிடிவாதம் காட்டுவதில்லை. தீப்பிழம்பு எழுந்து அடங்கும் துடிப்பு, தீயின் அகலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு மீட்டர் தீயை 5 மடங்கு மெதுவாகக் காட்டினால் அது 25 மீட்டர் தீயைப் போலவே துடிக்கும். டோக்கியோ எரியும் காட்சிகள் எழுபது ஆண்டு கழிந்தும் நெஞ்சைப் பிசைவதற்கு இது ஒரு காரணம்.

விகிதத்தை வேண்டுமென்றே மீறிய இடமும் உண்டு. ஜப்பானிய நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுக்கோபுரம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். சரியான விகிதத்தில் கட்டியிருந்தால் அது மிருகத்தைவிட உயர்ந்து நின்றிருக்கும். அதை மட்டும் முப்பத்துமூன்றில் ஒரு பங்காகக் கட்டினார்கள். கோபுரம் 2 மீட்டருக்குச் சற்றுக் கீழே நின்றது.

அதைவிடப் பெரிய மீறல் கர்ஜனையில் இருக்கிறது. குரல் எழுப்பும் உறுப்புகள் 25 மடங்கு பெரிதானால் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 25 மடங்கு குறையும். 100 ஹெர்ட்ஸில் உறுமும் விலங்கு 4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் கேட்பதில்லை. விகிதத்தைக் காத்திருந்தால் மிருகம் ஊமையாகியிருக்கும். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே வேறு வழியில் சென்றார்: வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த சுருதியுடைய கருவியான டபுள் பாஸின் தளர்த்திய தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உராய்ந்து எழுப்பிய ஒலியைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து ஒலிக்கவிட்டார்கள். பிசின் தந்தியைப் பற்றுகிறது, இழுவை மிகும்போது நழுவ விடுகிறது, மறுபடி பற்றுகிறது. வயலின் வில்லிலும் துருப்பிடித்த கதவுக் கீலிலும் நிகழ்வது இதுவே. மெதுவாக ஓட்டும்போது அடிச்சுருதி கீழிறங்குகிறது. பற்றி நழுவும் கீச்சொலியோ கேட்கும் எல்லைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. படத்தின் தொடக்கத்தில், மிருகம் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே, எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரையில் முதலில் காலடி ஓசையும் அதைத் தொடர்ந்து இந்தக் குரலும்தான் கேட்கின்றன.