டைம்லைன் எண்டா என்ன, தமிழில என்னெண்டு எழுதுறது?

போன வருசம் கனடாவில இருக்கிற ஒரு அண்ணை, தன்ர பழைய பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலரை வடிவமைச்சு அச்சடிச்சுத் தரச்சொல்லிக் கிளிநொச்சியில எங்களிட்ட வேலை தந்தவர். "டைம்லைன் அனுப்புங்கோ தம்பி" எண்டார், நான் "20ஆம் திகதி தருவம்" எண்டு ஒரு வரி போட்டுவிட்டன். உடன பதில் வந்தது, "அது டெட்லைன், நான் கேட்டது டைம்லைன்."

டைம் காலம், லைன் கோடு, அப்பிடியே எழுதினா காலக்கோடு, அது வரலாற்றுப் பாடத்தில நாங்கள் கீறினது. 1765இல இங்கிலாந்துக்காரர் ஜோசப் பிரீஸ்ட்லி (ஒட்சிசனோட பேர் வாற அதே ஆள்தான்) ஏறக்குறைய 2000 பேரின்ர வாழ்நாளை ஆளுக்கொரு கோடாக் கீறி ஒரு பெரிய தாள் வெளியிட்டவர், ஆரும் ஆரும் ஒரே காலத்தில இருந்தவை எண்டு பாத்தவுடன தெரியும். அது நடந்து முடிஞ்சதைக் காட்டின கோடு. வேலை குடுக்கிறவைக்கு நாங்கள் எழுதுறது இனி நடக்கவேண்டியதை.

டெட்லைன் வேற கதை. 1864இல அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரம் அண்டர்சன்வில் சிறைமுகாமில ஒரு எல்லைக்கோடு இருந்தது, அதைத் தாண்டின கைதியைச் சுடுவினம், அதுக்குப் பேர் டெட்லைன். வன்னியில இருந்துகொண்டு உதை வாசிச்சாப் பிறகு அந்தச் சொல்லைச் சும்மா எழுத மனம் வராது. தமிழில காலக்கெடு, இல்லாட்டிக் கடைசித் திகதி.

உண்மையில டைம்லைன் எங்கட ஆக்களுக்குப் புதுசில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில சிறுபோக நெல் விதைக்கமுதல் கூட்டம் வைப்பினம், தண்ணி திறக்கிற நாள், விதைப்பு முடிக்கவேண்டிய நாள், தண்ணி மறிக்கிற நாள் எல்லாம் அங்க தீர்மானிச்சிடுவினம். விதைக்கிறது கமக்காரன், திறக்கிறது நீர்ப்பாசனத் திணைக்களம், ரெண்டு பக்கத்துக்கும் நாள் இருக்கு. நான் அண்ணைக்கு அனுப்பின ஒத்தை வரியில இல்லாமப் போனது அதுதான்.

சரி, என்ன சொல் போடுறது? நேரசூசி எண்டா பள்ளிக்கூட மணி அடிக்குது. காலவரிசை எண்டா எது முந்தி எது பிந்தி எண்டதோட முடிஞ்சிடும். தவணைப் பட்டியல் எனக்குப் பிடிச்ச சொல், ஆனா வாசிக்கிறவர் காசு கட்டுற தவணை எண்டு பயந்துபோவார். அதால நான் இப்ப "வேலைக் கால ஒழுங்கு" எண்டு போடுறன், பேச்சில டைம்லைன் எண்டே சொல்லுவன், அதில ஒரு வெக்கமும் இல்லை.

அண்ணைக்குத் திருப்பி இப்பிடி எழுதினனான்: "7ஆம் திகதிக்குள்ள படங்களும் கட்டுரைகளும் நீங்கள் அனுப்பவேணும். 12ஆம் திகதி மாதிரிப்பிரதி நாங்கள் அனுப்புவம். 15ஆம் திகதி இலங்கை நேரம் பின்னேரம் 5 மணிக்குள்ள திருத்தங்களை நீங்கள் சொல்லவேணும். 20ஆம் திகதி அச்சடிச்சு முடியும். படங்கள் பிந்தினா மற்ற நாளுகளும் அந்தளவு பிந்தும்." இலங்கை நேரம் எண்டு போட்டது சும்மா இல்லை, ரொறன்ரோவில வெள்ளி பின்னேரம் எண்டா இஞ்ச சனி விடியப்புறம். "அடுத்த கிழமை" எண்டும் எழுதாதேங்கோ, அவருக்கு ஒரு கிழமை, எங்களுக்கு இன்னொரு கிழமை.

படங்கள் வந்தது 9ஆம் திகதி. மலர் அச்சாகி முடிஞ்சது 22ஆம் திகதி, அண்ணை ஒரு சொல் பேசேல்ல.