ஜாம் பாட்டிலுக்குள் இரண்டு உறைவு

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பழைய ஜாம் பாட்டில். அடியில் கட்டி தட்டிப்போன சியா விதை, நடுவில் தயிர், அதற்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெளிர்மஞ்சளாகத் தண்ணீர், அதில் மிதந்துகொண்டு நாலு அன்னாசித் துண்டு. கீழே ஒரு வரி: "மாமா, வீடியோல அடுக்கடுக்கா அழகா இருந்துச்சு, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இப்டி கீது? கசக்க வேற செய்யுது."

காலை 6.15 பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். காட்பாடியிலிருந்து கிளம்பும்போது தோசை சுட நேரமிருக்காது, அதனால் ராத்திரியே செய்து வைத்துவிட்டுப் பத்து மணி இடைவேளையில் சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நல்ல யோசனைதான். போனில் நாலு வரியில் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த பாட்டிலை இரண்டு நாள் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தயிரும் ஒரு உறைவு, ஊறிய சியாவும் ஒரு உறைவு. இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. ஆனால் ஒன்று உறைவது மின்னூட்டத்தை இழந்ததால், இன்னொன்று உறைவது மின்னூட்டத்தை இழக்காததால். ஒரே பாட்டிலுக்குள் நேரெதிரான இரண்டு வேலை.

தயிர்க் கதை பள்ளியிலேயே படித்ததுதான், வேகமாகப் போய்விடுகிறேன். பாலில் கேசீன் என்ற புரதம் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. 5,000 உருண்டையை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள், அவற்றில் எதிர்மின்னூட்டம். அதனால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டு, ஒட்டாமல், பால் பாலாகவே இருக்கிறது. உறை ஊற்றியதும் பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகிறது. பாலின் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 6.7லிருந்து இறங்கி 4.6ஐ நெருங்கும்போது அந்த எதிர்மின்னூட்டம் தீர்ந்துபோகிறது, உருண்டைகளுக்குள் இருந்த கால்சியமும் கரைந்து வெளியே வந்துவிடுகிறது. தள்ளுவதற்கு ஒன்றுமில்லாததால் உருண்டைகள் கைகோத்து ஒரு வலை ஆகின்றன, தண்ணீர் அந்த வலையின் கண்களுக்குள் மாட்டிக்கொள்கிறது. மே மாதத்து வேலூரில் இது நாலைந்து மணி நேர வேலை. மார்கழியில் ராத்திரி முழுக்கக் கம்பளி சுற்றி வைத்தாலும் காலையில் பாலாகவே முறைத்துப் பார்க்கும்.

இந்த வலை உறுதியான வலை இல்லை. கரண்டியால் அள்ளினால் அறுபடும், நேரம் போகப் போகத் தானாகவே இறுகும், இறுகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அக்கா மகள் பாட்டிலில் மேலே நின்றது அதுதான். அந்தத் தண்ணீருக்கு மஞ்சள் நிறம் தருவது ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின், அதனால் சாக்கடையில் கொட்டாதீர்கள், ரசத்தில் ஊற்றலாம்.

சரி, இப்போது சியா.

சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. நம் துளசியின் குடும்பம். லின்னேயஸ் 1753ல் இதற்கு வைத்த பெயரில் 'ஸ்பெயின் நாட்டு' என்று பொருள்படும் சொல் இருக்கிறது, ஸ்பெயினுக்கும் அதற்கும் பிறப்புத் தொடர்பே கிடையாது. பெயரை விடுங்கள். விதை 2 மில்லிமீட்டர் நீளம், கையில் எடுத்தால் எள் மாதிரி வழுக்கும். அதன் தோலின் மேல் அடுக்குச் செல்களுக்குள் மாவுச்சத்துக்கு உறவான நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் காய்ந்து, மடித்து, திணித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிக்குள் அமுக்கிப் பூட்டிய பஞ்சு மெத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டதும் சங்கிலிகள் உப்பும், உப்பும் வேகத்தில் செல்லின் வெளிச்சுவர் கிழியும், இழைகள் வெளியே பாயும். சில நிமிடத்தில் விதையைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம் உருவாகிவிடுகிறது.

அந்த இழைகள் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன? தன் எடையைப் போலப் பத்து மடங்கு சர்வ சாதாரணமாகக் குடிக்கிறது இந்த விதை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்தச் சங்கிலிகளில் இடையிடையே அமிலத் துண்டுகள் தொங்குகின்றன, அவை தண்ணீரில் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. ஒவ்வொரு எதிர்மின்னூட்டத்துக்கும் ஈடாகப் பொட்டாசியம், கால்சியம் மாதிரி ஒரு நேர்மின் அயனி, அதாவது நேர்மின்னூட்டம் உள்ள அணு, பக்கத்திலேயே நின்றாக வேண்டும், ஓடிப்போக முடியாது, போனால் மின் கணக்கு உதைக்கும். அப்படியானால் இழைகளுக்கு நடுவில் அயனிக் கூட்டம் அதிகம், வெளியே குறைவு. உள்ளே 'உப்பு', வெளியே நல்ல தண்ணீர். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு ஜாடியில் வைத்தால் மாங்காய்க்குள் இருக்கும் தண்ணீர் உப்பைத் தேடி வெளியே வருமே, அதே சவ்வூடுபரவல் இங்கே திருப்பிப் போட்ட மாதிரி நடக்கிறது. வெளித் தண்ணீர் உள்ளே விரைகிறது. கூடவே எதிர்மின் சங்கிலிகள் ஒன்றை ஒன்று தள்ளுவதால் வலை இன்னும் அகலமாக விரிகிறது. தயிரில் தள்ளுமுள்ளு நின்றதும் உறைந்தது, இங்கே தள்ளுமுள்ளு இருப்பதால்தான் உறைகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் மூன்று டம்ளர் எடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கை நிறைய உப்பு கரைத்த தண்ணீர், ஒன்றில் வடிகட்டிய தயிர்த் தண்ணீர். ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் சியா. அரை மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீரில் வளையம் மெலிந்து கிடப்பதைப் பாருங்கள். வெளியேயும் உப்பு இருந்தால் உள்ளே போகத் தண்ணீருக்கு என்ன அவசரம்? வளையம் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையா, ஊறிய விதை ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்துச் சுற்றி ஒரு சொட்டு கருப்பு டிராயிங் மையை விடுங்கள். மையிலிருக்கும் கரித்துகள் பெரியது, வலைக்குள் நுழைய முடியாது, அதனால் கருப்புக்கு நடுவே விதை ஒரு ஒளிவட்டத்தோடு உட்கார்ந்திருக்கும். எழுபது வயது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாமிக்குப் போடற மாதிரி வட்டம் போட்டுக்கினு கீது" என்றார்.

செடிக்கு இந்த வித்தை எதற்கு? நம் பாலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான், ஒரு நாள் மழை வரும், மறுநாள் மேல்மணல் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் விழும் விதைக்கு அந்த ஒரு நாள் தண்ணீரைப் பிடித்து மேலே போர்த்திக்கொள்ளத் தெரிந்தால் முளைக்க அவகாசம் கிடைக்கும். பசை மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் காற்றும் எறும்பும் தூக்கிக்கொண்டு போவதும் கஷ்டம். இதே வித்தை சப்ஜாவுக்கும் தெரியும், இசப்கோலுக்கும் தெரியும், ஆளி விதைக்கும் தெரியும். வேலூர் லாங் பஜார் பக்கம் வெயில் காலத்தில் சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கிறதே சப்ஜா, நம் திருநீற்றுப்பச்சை விதை, அது சியாவைவிட வேகமாக, இன்னும் பெரிய வளையத்தோடு ஊறும். சியா கிடைக்காவிட்டால் இந்த அடுக்குக்குச் சப்ஜாவே போதும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) சியாவை நம் மண்ணில் விளைய வைக்க முயற்சி எடுத்து, அந்தப் பக்கத்து விவசாயிகள் பயிர் செய்கிறார்கள், நல்லது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 2020-21 கணக்குப்படி 0.64 விழுக்காடு அளவுதான். அந்தப் பணத்தில் சப்ஜாவின் பசையை யார் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அளப்பார்கள்? அளந்து சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கதை கட்ட ஆள் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் "ராத்திரி தயிர் தொட்டாலே சளி", இன்னொரு பக்கம் "சியா குடித்தால் பத்து நாளில் தொப்பை போய்விடும்". இரண்டும் எனக்கு ஒரே கடைச் சரக்காகத்தான் தெரிகிறது. சியா எடையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 12 கிராம் சியாவில் 4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். ஒமேகா-3 இருப்பதும் உண்மை, ஆனால் அது மீனில் இருக்கும் வகை இல்லை, நம் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் அந்த வகையாக மாற்றும்.

இப்போது அக்கா மகள் பாட்டிலுக்கு வருவோம். அவள் சியாவை ஊறவைக்காமல் நேரே தயிரில் கொட்டியிருக்கிறாள். தயிரில் தண்ணீர் இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் வலைக்குள் மாட்டியிருக்கிறது, வெளியே இருப்பதிலும் அமிலமும் கேசீனிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் கலந்திருக்கின்றன. மேலே உப்புத் தண்ணீர் டம்ளரில் பார்த்தோமே, அதன் தம்பி இது, மூன்றாவது டம்ளரில் ஊற்றியதும் இதைத்தான். கால்சியத்துக்கு நேர்மின்னூட்டம் இரண்டு, அதனால் ஒரே அயனி இரண்டு இழைகளை இழுத்துச் சேர்த்துக் கட்டிவிடவும் செய்யும். விதை அரைகுறையாகத்தான் விரியும். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் ஊறட்டும். ஒரு மேசைக்கரண்டிக்கு அரை டம்ளர், 100 மில்லி வைத்துக்கொள்ளலாம்.

கட்டி தட்டியதற்குக் காரணம் வேறு. கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும். கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவை அப்படியே போட்டால் வெளிப்புறம் வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துவிடும், உடைத்தால் உள்ளே உலர்ந்த மாவு. சியாவிலும் அதே கதை, வெளிவிதைகளின் பசை உள்விதைகளைப் பூட்டிவிடுகிறது. போட்டவுடன் கலக்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, பதினைந்தாவது நிமிடம் மறுபடி. அதற்குப் பிறகு இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு விதைகளை அந்தரத்தில் நிறுத்திவிடும், அடியில் போய்ப் படியாது. உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் இருந்த ஒருவர் அமெரிக்காவில் அப்படிச் செய்து, விதை உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டதை 2014ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாலில் ஊறவைத்தால் ருசிதான், ஆனால் பாலுக்குத் தயிரின் புளிப்புப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் வெயிலில் நாலு மணி நேரம் பஸ்ஸிலும் பையிலும் கிடக்கப்போகிற பாட்டிலுக்குத் தண்ணீரே நல்லது. பக்கத்தில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சுங்கள், பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடாமல் இன்னும் ஐந்து நிமிடம் தணலில் விடுங்கள். சூட்டில் பாலின் இன்னொரு புரதம் விரிந்து கேசீன் உருண்டைமேல் ஒட்டிக்கொள்ளும், பின்னால் உறையும் வலை கெட்டியாகும், தண்ணீர் விடுவது குறையும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பாட்டிலில் ஊறிய சியாவுக்கு மேலே பரப்புங்கள். மிச்சம் வடியும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் கீழே சியா வாங்கிக்கொள்ளும்.

கசப்புக்குக் குற்றவாளி அன்னாசி. அதிலிருக்கும் புரோமிலின் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும், அப்படி வெட்டிய சில துண்டுகள் கசக்கும், வலையும் அறுந்து தயிர் நீர்த்துப்போகும். அன்னாசி வேண்டுமென்றால் ஒரு கொதி விட்டுப் போடுங்கள், சூட்டில் நொதி செத்துவிடும். மாம்பழம், மாதுளை, கொய்யா எதுவும் இந்த வம்பு செய்யாது. வறுத்த வேர்க்கடலையைக் காலையில் மேலே தூவினால் போதும், ராத்திரியே போட்டால் நமுத்துவிடும்.

இந்த வாரம் மாதுளை போட்டுச் செய்து, புது போட்டோ அனுப்பினாள். தண்ணீர் இல்லை, அடுக்கு அடுக்காக நிற்கிறது. மாதுளைக்குக் கீழே மட்டும் தயிரில் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சிவப்பு இறங்கியிருக்கிறது. "இது இன்னும் கீழ போவுமா மாமா?" உறைவுக்குள் தண்ணீர் சுழன்று ஓட முடியாது, அதனால் கலப்பது மூலக்கூறுகள் தட்டுத்தடுமாறி நகர்வதால் மட்டும்தான். சர்க்கரை அளவு மூலக்கூறு ஒன்று இப்படி ஒரு சென்டிமீட்டர் போக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரண்டு சென்டிமீட்டர் போக இரண்டு நாள் இல்லை, நாலு நாள். அதற்குள் சாப்பிட்டுவிடு என்று பதில் போட்டேன்.