உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி வேண்டும்

உயில் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை ரூபாய் பத்திரத்தில் எழுதணும்?" என்பதுதான். வெள்ளைத்தாளே போதும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், தமிழிலேயே எழுதலாம். பதிவும் கட்டாயமில்லை.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-வது பிரிவில் கேட்பது வேறு. எழுதியவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அவர் கையெழுத்திட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அல்லது "இது நான் போட்டதுதான்" என்று அவரே சொல்லக் கேட்டவர்கள், குறைந்தது இரண்டு பேர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பல உயில்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே உங்களைவிட வயதில் சிறியவர், ஊர் மாறினாலும் தேடிப் பிடிக்கக்கூடியவர் சாட்சியாக இருக்கட்டும். சொத்து பெறப்போகிறவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தப் பங்கே செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், சந்தேகத்துக்கு நாமே ஏன் வழிவிட வேண்டும்?

பதிவு செய்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். தொலைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனால் பதிவு செய்த பழைய உயிலை, முறையாக எழுதிய பதிவு செய்யாத புதிய உயில் மாற்றிவிடும். கடைசியாக எழுதியதே செல்லும்.

சரி, எழுதாமலே விட்டால்? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்து ஆணின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்காகப் போகும். தந்தை இந்த முதல் வரிசையில் இல்லை. பெண்கள் விஷயம்தான் மனதை உறுத்துகிறது. குழந்தையில்லாத விதவை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அவருக்கு வராது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் உயிலைத் தள்ளிப் போடவே கூடாது. முஸ்லிம்களுக்கு விதி வேறு: மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

"நாமினி போட்டாச்சே" என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. கம்பெனிப் பங்குகளிலும் (ஷேர்) அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தை உயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைப் பதிவு செய்துவிட்டால் சொத்து கைமாறிவிடும், நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. உயிலை, புத்தி தெளிவாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்புறம் டிரஸ்ட். பணத்தைத் தானே கையாள முடியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது பெரிய துணை. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ், சொத்தை ஒரு அறங்காவலரிடம் ஒப்படைத்து, அந்தப் பிள்ளையின் மருத்துவத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடச் சொல்லலாம். வீடு, நிலம் என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். உயில் மூலமாகவும் டிரஸ்ட் ஏற்படுத்தலாம். அறங்காவலர் பிள்ளைக்கு முன்பே காலமாகிவிடலாம். அவருக்கு அடுத்து யார் என்ற பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.